கடிகாரம் மாட்டிய மரம்

மரத்தில் காய் தொங்கும், பழம் தொங்கும், சேட்டைக்காரக் குரங்குகூடத் தொங்கும். கடிகார மாமாவின் மரத்தில் மட்டும் ஒரு சுவர்க் கடிகாரம் தொங்கியது.

வெள்ளை முகமும் பித்தளை விளிம்பும் கொண்ட பழைய கடிகாரம் அது. மாமா அதைத் தன் கையாலேயே பழுது பார்த்து, ஆணி அடித்தால் மரத்துக்கு வலிக்குமே என்று கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மழை வந்தால் ஓடிப்போய் அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையையும் மாட்டிவிடுவார். ஏன் இப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார்.

“இந்த மரத்துக்கு நேரங்காலமே தெரியலைங்க! நட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. பூக்குது, கொட்டுது. பூக்குது, கொட்டுது. ஒரு காய்? பேருக்கு ஒரே ஒரு காய்? எவ்வளவு லேட்டுன்னு அதுவே மணி பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் மாட்டி வச்சிருக்கேன்.”

மரம் மணி பார்த்த மாதிரி தெரியவில்லை. அது பாட்டுக்குப் பூத்தது, அது பாட்டுக்குக் கொட்டியது.

அது ஒரு ஜாதிக்காய் மரம். வேலிக்கு இந்தப் பக்கம், சுண்டுவின் வீட்டுத் தோட்டத்திலும் அதேபோல ஒரு மரம் நின்றது. லாரி ஓட்டும் அப்பா, எங்கோ வெகுதூரம் போய்த் திரும்பியபோது இரண்டு விதைகள் கொண்டுவந்தார். ஒன்றைத் தன் தோட்டத்தில் ஊன்றினார். மற்றதைக் கடிகார மாமாவிடம் கொடுத்தார். ஊரிலேயே ஜாதிக்காய் மரம் என்றால் இந்த இரண்டுதான்.

சுண்டுவுக்கு வயது பத்து. அவளுடைய உண்மையான பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. பிறந்தபோது சுண்டெலி அளவுக்குத்தான் இருந்தாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்னும் விடவில்லை.

சுண்டு வீட்டு மரம் ஏழாவது வருடம் காய்க்க ஆரம்பித்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சள் மஞ்சளாகப் பழங்கள். பழுத்ததும் ஒவ்வொன்றும் தானாகவே இரண்டாகப் பிளந்து வாயைத் திறக்கும். உள்ளே பளபளவென்று ஒரு பழுப்பு விதை. அந்த விதையைச் சுற்றிச் சிவப்பு நூலால் பின்னியது போல ஒரு வலை.

அம்மா அந்தப் பழத்தில் எதையும் வீணாக்க மாட்டாள். சதையை நறுக்கிச் சர்க்கரை சேர்த்து ஜாம் காய்ச்சுவாள். மிச்சத் துண்டுகளைப் பாகில் ஊறவைத்துக் காயவைத்தால் மிட்டாய். சிவப்பு வலையைக் கிழியாமல் உரித்துத் தட்டில் பரப்புவாள். காய்ந்ததும் அது ஆரஞ்சு நிறமாகிவிடும். அதற்குப் பெயர் ஜாதிபத்திரி. விதையை வாரக்கணக்கில் உலர்த்தி, ஓட்டை உடைத்து எடுத்தால் ஜாதிக்காய்.

விதை உலர்ந்துவிட்டதா என்று சோதிப்பது தம்பி பொடியனின் வேலை. ஐந்து வயதுப் பொடியன் ஒவ்வொரு விதையையும் காதருகில் வைத்துக் குலுக்குவான். உள்ளே கிலுகிலு என்றால் தேறியது. சத்தமே இல்லை என்றால், “இது இன்னும் தூங்குதும்மா!” என்று தட்டிலேயே திரும்பப் போட்டுவிடுவான்.

பேக்கரிக்காரர் வாரம் தவறாமல் வந்து வாங்கிப் போவார். “உங்க ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை விழுந்தாத்தான் என் கேக், கேக்கு மாதிரி இருக்கு” என்பார்.

“ஒரு சிட்டிகையோட நிறுத்திக்குங்க. கூடிப்போனா கசக்கும், உடம்புக்கும் ஆகாது” என்று அம்மா ஒவ்வொரு முறையும் எச்சரிப்பாள். ஆனாலும் பாராட்டில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். உடனே வேலியோரம் போய்விடுவாள்.

“பார்த்தீங்களா அண்ணே, இந்த வாரமும் ரெண்டு கூடை! எல்லாம் கை ராசி அண்ணே, கை ராசி!”

விளையாட்டாகத்தான் சொல்வாள். முதல் வருடம் மாமா வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாம் வருடம் புன்னகைத்தார். இந்த வருடம் உதடு கொஞ்சம் கோணியதோடு சரி.

போன வாரம் மாமா ஒரு முடிவுக்கு வந்தார்.

“காயும் இல்லை, என் கடை ஜன்னலுக்கு வெளிச்சமும் இல்லை. கடுகு அளவு திருகாணியை நான் இருட்டுல எப்படித் தேடுறது? வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி. அதுவரைக்கும்தான் இந்த மரத்துக்குக் கெடு. ரம்பக்காரர்கிட்டச் சொல்லிட்டேன்.”

கடிகார மாமா பத்து மணி என்றால் பத்து மணிதான். ஒன்பது ஐம்பத்தொன்பதும் இல்லை, பத்து ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

சுண்டுவுக்கு மரத்தை நினைத்தால் பாவமாக இருந்தது. ஆனால் மரம் மாமாவுடையது, வெளிச்சம் வேண்டும் என்பதும் நியாயம்தான். தவிர, அவளுக்கு வேறொரு தலைவலி இருந்தது. ‘ஏதாவது ஒரு பூவை நெடுக்காக வெட்டி, உள்ளே இருப்பதை வரைந்து வரவும்’ என்று அறிவியல் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். நாளைக்குக் காட்டியாக வேண்டும்.

தோட்டத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். தன் வீட்டு மரத்திலிருந்து ஒரு பூவைப் பறித்தாள். கொண்டைக்கடலை அளவுக்கு, வெளிர்மஞ்சளாக, குட்டி மணி போல இருந்தது. கத்தி முனையால் அதைப் பிளந்தாள்.

உள்ளே பச்சையாக என்னவோ தெரிந்தது. என்னவென்று புரியவில்லை. பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே பூ கசங்கிப்போனது.

“பொடியா, இன்னொரு பூ எடுத்துட்டு வாடா.”

பொடியன் சோம்பேறி. கிளை எட்டாது என்று சொல்லிவிட்டு, வேலியோரம் கொட்டிக் கிடந்த பூக்களை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தான். சுண்டு ஒன்றைப் பிளந்தாள். வரைந்து வைத்த பாதிப் படத்தைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை!

“டேய், இது எங்க பொறுக்கின பூ?”

“வேலிகிட்ட. மாமா மரத்துப் பூ. அதுவும் ஜாதிக்காய்தானே?”

அதுவும் ஜாதிக்காய்தான். பிறகு உள்ளே ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. சுண்டு எழுந்து மாமாவின் கடைக்கு ஓடினாள். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. நாலு சுவரிலும் கடிகாரங்கள் டிக்டிக்கென்று ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. மாமா மேஜையில் தலை கவிழ்ந்து ஒரு பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி.

“மாமா, கண்ணுல மாட்டிக்கிற லென்ஸ் ஒண்ணு தர்றீங்களா? வீட்டுப்பாடம் இருக்கு.”

“அஞ்சு நிமிஷம். கீழ போட்டே, தெரியும் சேதி!”

லென்ஸ் வழியாகப் பார்த்ததும் சுண்டு வாயைப் பிளந்தாள். தன் வீட்டுப் பூவுக்குள் குட்டியூண்டாக ஒரு பச்சைக் குடுவை இருந்தது. மாமா மரத்துப் பூவுக்குள் குடுவையே இல்லை. நடுவில் ஒரு சின்னத் தூண். அதன் மேலெல்லாம் மஞ்சள் தூள்.

ஒரு பூவை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று, இந்த மரத்தில் பத்து, வேலிக்கு மேல் நீட்டியிருந்த மாமா மரத்துக் கிளையில் பத்து எனப் பறித்துப் பிளந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இங்கே பத்திலும் குடுவை. அங்கே பத்திலும் தூள்.

கடைசிப் பூவுக்குள் ஒரு வண்டு இருந்தது. கடுகில் பாதிகூட இருக்காது. அது இருந்தது அவள் வீட்டு மரத்துப் பூவில். ஆனால் அதன் முதுகில் மஞ்சள் தூள் அப்பியிருந்தது.

எங்க மரத்தில்தான் தூளே கிடையாதே, இது எங்கே போய்ப் பூசிக்கொண்டு வந்தது?

சுண்டு மெல்ல வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பூசணிக்கொடிப் பாடம் அவளுக்கு ஞாபகம் வந்தது. டீச்சர் கரும்பலகையில் இரண்டு பூ வரைந்தார். மகரந்தத் தூள் மட்டும் உள்ள ஆண் பூ காய்க்காது. பெண் பூதான் காயாகும். ஆனால் ஆண் பூவின் தூளை ஒரு பூச்சி கொண்டுவந்து போட்டால்தான் அதுவும் காயாகும். பூசணியில் இரண்டு பூவும் ஒரே கொடியில் இருக்கும்.

ஜாதிக்காயில் ஒரே மரத்தில் இல்லை போலிருக்கிறதே! ஒன்று பெண் மரம், ஒன்று ஆண் மரம். ஊரிலேயே இரண்டே மரம்.

அடுக்களையிலிருந்து ஜாம் காயும் வாசனை வந்தது. அம்மா கரண்டியால் கிண்டிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாமாவின் மரம் போய்விட்டால் அடுத்த வருடம் ஜாம் இல்லை, மிட்டாய் இல்லை, பொடியன் குலுக்கிப் பார்க்க ஒரு விதைகூட இல்லை. சுண்டுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மரத்தில் தொங்கிய கடிகாரம் ஒன்பது ஐம்பத்தைந்து காட்டியது.

பொடியன் பெரிய மனுஷன் மாதிரி யோசனை சொன்னான். “அக்கா, அந்தக் கடிகாரத்தை நிறுத்திட்டா பத்து மணியே ஆகாதுல்ல?”

“கடைக்குள்ள இன்னும் நாப்பது இருக்குடா!”

அவள் பிளந்த பூக்களை அள்ளிக்கொண்டு மூச்சிரைக்கக் கடைக்கு ஓடினாள்.

“மாமா! மரத்தை வெட்டாதீங்க! எங்க மரம் காய்க்கிறதே உங்க மரத்தாலதான்!”

மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஆமாமா, காய்க்காத மரத்தாலதான் காய்க்கிற மரம் காய்க்குது! நல்லாத்தான் காது குத்துறே. உங்கம்மா சொல்லி அனுப்பினாளா?”

“இல்ல மாமா, நெஜமாத்தான்! நானே பார்த்தேன்!”

“மணி பத்து ஆகப் போகுது. போம்மா, போய்ப் படி.”

அந்த நேரம் பார்த்து அத்தனை கடிகாரங்களும் ஒரே சமயத்தில் பத்து அடித்தன. டங் டங் என்று காது அடைத்தது. சுண்டுவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மாமா வாசலைப் பார்த்தார். ரம்பக்காரரைக் காணோம். பத்து ஒன்று ஆனது. பத்து இரண்டு ஆனது. மாமா எழுந்து போய்ச் சாலையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தாமதம் என்றாலே அவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

“மனுஷனுக்கு ஒரு நேரங்காலம் வேண்டாம்?” என்று புலம்பினார்.

சுண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். வாதாடினால் மாமா இன்னும் முறுக்கிக்கொள்வார். நம்பச் சொல்லிக் கெஞ்சியும் பயனில்லை. ஆனால் மாமாவால் ஒரு விஷயத்தை மட்டும் தட்டவே முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

பிளந்த பூக்களை ஒரு காகிதத்தில் வைத்து மேஜைமேல் தள்ளினாள்.

“சரி மாமா, மரத்தைப் பத்திப் பேசலை. என் வீட்டுப்பாடத்துக்கு மட்டும் உதவி பண்ணுங்க. இந்தப் பூவுல இருக்கிற ஒரு பாகம் அந்தப் பூவுல இல்லை. எங்கே போச்சுன்னு எனக்குப் புரியலை.”

“பாகம் இல்லையா?” மாமாவின் குரல் மாறியது. “அது எப்படி இல்லாமப் போகும்? இங்க கொண்டா.”

லென்ஸை வாங்கிக் கண்ணில் செருகிக்கொண்டார். சின்ன இடுக்கியை எடுத்தார். முதல் பூவைப் புரட்டினார். இரண்டாவதைப் புரட்டினார். விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். முப்பது வருடமாக அந்த லென்ஸால் எத்தனையோ சக்கரங்களைப் பார்த்தவர், தன் ஜன்னலுக்கு வெளியே இருந்த பூவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“இதுல ஒரு குடுவை இருக்கு. அதுல குடுவை இல்லை, தூள்தான் இருக்கு” என்று தனக்குள் முணுமுணுத்தார். “இதென்ன, குடுவை இருக்கிற பூவுக்குள்ள ஒரு வண்டு? மேலெல்லாம் தூளு! அந்தப் பூவோட தூள் இதுக்குள்ள எப்படி வந்துச்சு?”

சுண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

“குடுவை உள்ள பூ எந்த மரம்?”

“எங்க மரம் மாமா.”

“தூள் உள்ளது?”

“உங்க மரம். பூசணியில ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க. இதுல தனித்தனி மரமா இருக்கு மாமா. உங்க மரத்துத் தூளை இந்த வண்டு கொண்டுவந்து போடலைன்னா, எங்க மரத்துலயும் பூ கொட்டத்தான் செய்யும்.”

மாமா லென்ஸைக் கழற்றினார். சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரம் ஒன்று மேஜைமேல் இருந்தது. பக்கத்திலேயே அதன் சாவியும் கிடந்தது. மாமா சாவியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“சாவி மணி காட்டாது. ஆனா சாவி இல்லேன்னா எந்தக் கடிகாரமும் மணி காட்டாது” என்றார் மெதுவாக. “மணி காட்டலை, மணி காட்டலைன்னு இத்தனை வருஷமா நான் ஒரு சாவியைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.”

எழுந்து தோட்டத்துக்குப் போனார். மரத்தின் மேல் கை வைத்து ஏதோ சொன்னார். அது மரத்துக்கும் அவருக்கும் உள்ள விஷயம் என்று சுண்டு காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பொடியன் வாங்கிக்கொண்டான்.

“அக்கா! மாமா மரத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்கிறாரு!”

அப்போதுதான் ரம்பக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் ரம்பமும் கயிறும் கட்டியிருந்தது. கடிகாரம் பத்து இருபத்தைந்து காட்டியது.

நியாயமாக மாமா அவருக்கு மாலை போட்டு வரவேற்றிருக்க வேண்டும். ஆனால் பழக்கம் விடுமா?

“ஏம்ப்பா, பத்து மணின்னா இதுவா பத்து மணி?”

ரம்பக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். “மணி பார்க்க என்கிட்ட வாட்ச் இருந்தாத்தானே சார்? என் வாட்ச் உங்க கடையில மூணு வாரமாக் கிடக்கு! நாளைக்குத் தர்றேன், நாளைக்குத் தர்றேன்னு நீங்கதானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க!”

சுண்டு சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா அசடு வழியத் தலையைச் சொறிந்தார்.

“சரி விடு. மரத்தை வெட்ட வேண்டாம். ஜன்னலை மறைக்கிற அந்த ரெண்டு கிளையை மட்டும் எடுத்துடு. பார்த்து, பூவோட இருக்கிற கிளையைத் தொட்டுடாதே!”

ரம்பம் ஏறி இறங்கியது. இரண்டு கிளைகள் விழுந்ததும் கடைக்குள் வெயில் வந்து மேஜைமேல் உட்கார்ந்துகொண்டது. ஒடிந்த இலைகளின் மணம் தோட்டம் முழுவதும் பரவியது.

சத்தம் கேட்டு அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். சுண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பூக்களைக் காட்டினாள். வண்டைக் காட்ட முடியவில்லை; அது பறந்துவிட்டிருந்தது.

அம்மாவின் முகம் ஜாதிபத்திரி நிறத்துக்கு வந்துவிட்டது. வேலியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு ஜாம் பாட்டில்கள் இருந்தன. இன்னும் சூடு ஆறவில்லை.

“அண்ணே, இத்தனை வருஷமா என் கை ராசின்னு பீத்திக்கிட்டேன். எனக்கே வெட்கமா இருக்கு. இனிமே காய்ச்சுற ஒவ்வொரு தடவையும் முதல் பாட்டில் உங்களுக்குத்தான்.”

“அட, விடு தங்கச்சி! விஷயம் தெரிஞ்சிருந்தா நான் மட்டும் பீத்தியிருக்க மாட்டேனா?” என்றார் மாமா. ஒரு விரலால் ஜாமைத் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மாலையே மரத்திலிருந்து கடிகாரம் இறங்கியது. மாமா அதைத் தன் மேஜைக்கு நேர் எதிரே மாட்டினார். மறுநாள் ரம்பக்காரரின் வாட்ச் தயாராகிவிட்டது. சுண்டுவின் படத்துக்கு டீச்சர் பெரிதாக ஒரு நட்சத்திரம் போட்டார். ‘இரண்டு பூ ஏன்?’ என்று அவர் கேட்க, சுண்டு பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

இப்போதும் வாரம் தவறாமல் பழங்கள் வெடிக்கின்றன. பொடியன் விதைகளைக் குலுக்குகிறான். அம்மா கூடையோடு தோட்டத்துக்கு வரும் நேரம் மாமாவுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றுவிடுவார். மரத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்:

“எத்தனை கூடை தங்கச்சி? ரெண்டா? எல்லாம் எங்க மரத்தோட ராசி, தங்கச்சி, எங்க மரத்தோட ராசி!”